பதினெட்டு யோகட் கோப்பைகள்

பத்து வயதில் விதைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எங்கள் ரீச்சர் மதாம் வகுப்பில் சொல்லியிருந்தார். விதை என்பது தூரப் பயணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள். பெரிய விதைக்குப் பெரிய சோற்றுப் பொதி. ஆனால் அது தண்ணீர் குடித்து வீங்கி எழும்ப நேரமாகும். சின்ன விதை சட்டென்று குடித்துச் சட்டென்று எழும்பிவிடும், பிறகு பொதி காலியாகி நடுவழியில் ஏங்கி நிற்கும். இது மெய்யா பொய்யா என்று ஈஸ்டர் விடுமுறை இரண்டு கிழமையும் வீட்டில் நட்டு, அளந்து, திங்கட்கிழமை செடிகளோடு வந்து நிற்க வேண்டும் என்பது மதாமின் கட்டளை.

அதே விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் சித்தியின் கல்யாணம்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. வன்னியிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாரிஸில், ரூ பஜோல் தெருவில், நாலாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. என் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலை விரித்துப் படுப்பார். அவருக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் மெத்ரோ ரயிலில் நிலையத்தின் பெயரை இரண்டு தரம் சொல்லுகிற பெண்குரலை அச்சு அசலாகச் செய்துகாட்டுவார். முதல் தரம் கேள்வி மாதிரி மேலே போகும், இரண்டாம் தரம் பதில் மாதிரிக் கீழே இறங்கும். "ஸ்டாலின்கிராட்? ஸ்டாலின்கிராட்." வீட்டிலும் அதே குரல்தான். "சோறு? சோறு." "குளிச்சாச்சோ? குளிச்சாச்சு." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவேன்.

மாப்பிள்ளை ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்தார். சித்தியைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். சித்தியின் அகதிக் கேஸோ தள்ளுபடியாகியிருந்தது. அவரைக் கட்டினால் சித்திக்கு இங்கே இருக்கப் பேப்பர் கிடைக்கும், பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே சரிவந்துவிட்டது. ஒருநாள் குசினிக்குள் சித்தி மெல்லிய குரலில், "எனக்கு வேண்டாம் அக்கா. அந்தாளைப் பாத்தால் ஒண்டும் வருகுதில்லை," என்று சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா அரிசி கழுவிக்கொண்டே, "வந்து என்னத்துக்கு? முதல்லை பேப்பர் வரட்டும்," என்றார். கல்யாணப் பெண்கள் எல்லோரும் வெட்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு அம்மா எனக்கு விளக்கினார். நானும் நம்பினேன். வெட்கம் என்றால் முகம் அப்படி வெளிறிப்போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாயைப் பற்றி ஒரு கதை இருந்தது. மகனுக்கு முன்பு பேசிய பெண் வீட்டில், நிச்சயதார்த்தம் அன்று, யாரோ புழுக்கம் தாங்காமல் யன்னலைத் திறக்க, காற்றில் குத்துவிளக்கு நூர்ந்துபோனதாம். அந்த மாமி வெற்றிலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மகனையும் இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாராம். அப்பா இதைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக்காட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்காமல், "விளக்கு நூந்ததுக்கே எழும்பிப் போனவவோ அத்தான்?" என்று கேட்டார். "ஓம், அதுக்கே!" என்று அப்பா இன்னொரு தரம் எழும்பிப் போய்க் காட்டினார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் பாலிகை போடுதல் என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு ஒன்பது வகைத் தானியங்களை ஊறவைத்து, மண்சட்டிகளில் சுமங்கலிப் பெண்கள் ஐந்து பேர் தூவி, மூடிவைப்பார்கள். அது செழித்து முளைத்தால் குடும்பம் செழிக்கும். முளைக்காவிட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு அம்மா என் வாயில் ஒரு தட்டுத் தட்டினார். அதை வாயாலும் சொல்லக் கூடாதாம்.

அந்த ஒன்பது தானியப் பொதியை லா ஷப்பல் தமிழ்க் கடையில் முன்கூட்டியே வாங்கிக் குசினி அலுமாரியில் வைத்திருந்தார்கள். மதாம் கேட்ட விதைகள் கண்ணெதிரே கிடக்கும்போது நான் எதற்கு வேறெங்கும் போக? விடுமுறையின் முதல் நாள், அம்மாவும் சித்தியும் சேலை எடுக்கப் போன நேரம், பொதியைப் பிரித்துப் பேப்பரில் கொட்டினேன். ஒவ்வொரு வகையிலும் கொழுத்ததாக ஐந்தாறு, சூம்பியதாக ஐந்தாறு என்று பொறுக்கினேன். நெல், பயறு, உளுந்து, எள்ளு, கடலை, மொச்சை என்று ஒன்பது வகைக்கும் பதினெட்டு யோகட் கோப்பை. மிச்சத்தை மறுபடி கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோப்பைகளை என் அறை யன்னலில், சூடு கொடுக்கும் இரும்புக் குழாய்களுக்கு மேலே வரிசையாக அடுக்கினேன். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலை என்றால் எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை.

மதாம் சொன்னது வரிக்கு வரி நடந்தது. பயறு இரண்டாம் நாளே மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது, அதிலும் சூம்பல் பயறு முதலில். மொச்சை ஒரு கிழமை அசையவே இல்லை. பிறகு கழுத்தை வளைத்துக்கொண்டு கிளம்பி, மூன்றே நாளில் மற்ற எல்லாவற்றையும் தாண்டியது. எள்ளை விரல் ஆழத்துக்குப் புதைத்திருந்தேன். அது வரவே இல்லை. சின்னப் பொதிக்காரன் வழியிலேயே சோறு முடிந்து செத்துப்போயிருப்பான் என்று விளங்கிக்கொண்டு, மேலாகத் தூவி இரண்டாம் தரம் நட்டேன். எல்லாவற்றையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதினேன். இரண்டாம் கிழமை தொடங்கும்போது கொழுத்த விதைப் பிள்ளைகள் சூம்பல் விதைப் பிள்ளைகளின் தலைக்கு மேலால் யன்னலுக்கு வெளியே தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த இரண்டாம் கிழமையின் திங்கட்கிழமைதான் பாலிகை போடுகிற நாள். விதை ஊறவைக்கிற வேலையைச் சித்தி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு அம்மா அடைந்த ஆறுதலைப் பார்க்க வேண்டும். கடைசியில் பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது என்று அப்பாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

காலையில் குசினிக்குப் போனேன். சித்தி பிளேன்டீக்கு என்று கேத்தலைக் கொதிக்க வைத்திருந்தார். பக்கத்தில் சில்வர் சட்டியில் தானியம், மேலே ஒரு தட்டு. தட்டைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. விரலை விட்டவள் சட்டென்று எடுத்துவிட்டேன்.

"ஏன் சித்தி சுடுது?"

சித்தி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"சூட்டிலை ஊறினால் கெதியா முளைக்கும் குஞ்சு. மூடி வை."

மதாம் இதைச் சொல்லித் தரவில்லையே என்று தோன்றியது. ஆனாலும் ஊரில் தோட்டம் செய்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தட்டால் மூடினேன். அதோடு நிற்காமல், பெரிய மனுஷி மாதிரி, ஒரு துவாயை எடுத்துச் சட்டியைச் சுற்றியும் விட்டேன்.

பின்னேரம் ஐந்து சுமங்கலிகள் வந்து ஐந்து சட்டிகளில் தூவினார்கள். சட்டிகளைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்கள். திறந்து திறந்து பார்க்கக் கூடாதாம். தண்ணீர் தெளிக்கிற பொறுப்பும் சித்திக்கு. யாராவது கேட்டால், "வருகுது, வருகுது," என்பார். மெத்ரோக் குரலில் அல்ல, சும்மா சொல்வார்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மாமி வான் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. பாலிகைச் சட்டிகளையும் மற்றச் சாமான்களையும் மண்டபத்துக்கு ஏற்ற வேண்டும். இரண்டு மணிபோல அம்மா துணியை விலக்கினார்.

அம்மா போட்ட சத்தத்தில் நான் அடிமட்டத்தைக் கீழே போட்டுவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால், ஐந்து சட்டியிலும் வெறும் கறுத்த மண். ஒரு பச்சை இல்லை. ஒன்றில் மட்டும் இரண்டு மொச்சைகள், மண்ணை வெடிக்கப்பண்ணிக்கொண்டு தலையைத் தூக்கப் பார்த்தன. கரண்டியால் கிளறிய அப்பாவின் கையில் பயறும் உளுந்தும் கூழாகி ஒட்டின. நாறியது. அம்மா நெஞ்சில் கை வைத்தபடி சுவரோடு சரிந்து இருந்துவிட்டார். அவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை.

"ஐயோ, அவ இப்ப வந்து பாக்கப்போறா. விளக்கு நூந்ததுக்கே எழும்பிப் போனவ," என்றார் அம்மா.

சட்டி விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று அப்பா கேட்டார். அது இதைவிட மோசமான சகுனம் என்று அம்மா அழுதார்.

சித்தி குசினி வாசலில் நின்றார். அவர் அழவில்லை. கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"அப்ப நிப்பாட்டுவமோ அக்கா?"

"விசரி மாதிரிக் கதையாதை!" என்று அம்மா சீறினார். "உனக்கு வேறை ஆர் இருக்கினம்? பேப்பர் இல்லாமல் எத்தினை நாளைக்கு ஒளிச்சுத் திரியப்போறாய்?"

அந்த நேரத்தில்தான் எனக்குள் இடி விழுந்தது. விளங்கிவிட்டது! பொதியில் இருந்த கொழுத்த விதைகளை எல்லாம் பொறுக்கி எடுத்தது யார்? நான். பாலிகைக்கு மிஞ்சியது சோற்றுப் பொதி இல்லாத சூம்பல்கள். தப்பித்தவறி விட்டுவைத்த இரண்டு பெரிய மொச்சைதான் முளைத்திருக்கின்றன, அதுவே சாட்சி. என் பள்ளிக்கூடக் கொப்பிக்காக நான் சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன்.

"நான்தான்! நான்தான்!" என்று கத்தியபடி என் அறைக்கு ஓடினேன். இரண்டு கையிலும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். திரும்ப ஓடினேன், திரும்பக் கொண்டுவந்தேன். பதினெட்டுக் கோப்பையும் நிலத்தில் பச்சைப்பசேல் என்று நின்றன. அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் சொன்னேன். இது அதே பொதித் தானியம், அதே வீடு, இதை எடுங்கோ அம்மா, எனக்கு மதாம் பேசினாலும் பரவாயில்லை என்றேன்.

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா கதவைப் பூட்டினார்.

அரை மணித்தியாலத்தில் எங்கள் வீட்டு மேசை தோட்டமாகிவிட்டது. சூப்புக் கரண்டியால் வேரோடு கிளப்பி, ஐந்து சட்டிக்கும் பங்கிட்டோம். உயரம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. நுனியைக் கத்தரித்துவிடலாம் என்றார் அப்பா. பாலிகையில் கத்தி படவே கூடாது என்று அம்மா தடுத்தார். அதனால் கழுத்து வரைக்கும் மண்ணில் புதைத்தோம். கொழுத்த விதைப் பிள்ளைகள் நடுவில், சூம்பல்கள் சுற்றிவர, ஓரத்தில் எள்ளு. அந்த ஒழுங்கைச் சொன்னதும் நான்தான். அம்மா என் தலையில் முத்தம் வைத்து, "என்ரை சாமி," என்றார்.

"வாங்கோ சித்தி, நீங்களும் நடுங்கோ," என்று கூப்பிட்டேன். சித்தி வரவில்லை. மேசைக்கு எதிரே கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு செடியும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து நான் கிட்டப் போனபோது என் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். நோகும் அளவுக்குப் பிடித்தார்.

"நல்லா வளத்திருக்கிறாய்," என்றார். பிறகு, "உன்னிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். கண் நிறைந்திருந்தது. கண்டம் தப்பிய சந்தோஷம் என்று நினைத்தேன்.

மாமி ஐந்து மணிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே சாமித்தட்டுக்குப் போய்க் குனிந்தார்.

"என்ரை பிள்ளையாரே! அஞ்சு நாளிலை இந்த வளத்தியோ!"

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஆர் தண்ணி தெளிச்சது என்று மாமி கேட்க, அம்மா சித்தியைக் கை காட்டினார். மாமி தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி, அந்த இடத்திலேயே சித்தியின் கையில் போட்டுவிட்டார். இப்படி ஒரு கைராசிக்காரியைத் தன் மகன் தவம் செய்துதான் பெற்றிருக்கிறான் என்றார். சித்தி காப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மண்டப வெளிச்சச் சூட்டில் மத்தியானத்துக்குள் என் பயறுகள் சரிந்துவிட்டன. ஆனால் அதற்குள் தாலி ஏறிவிட்டது. மொச்சைகள் மட்டும் கடைசிவரை நின்றன. திங்கட்கிழமை வெறுங்கையோடு போய், செடிகள் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன என்று சொன்னேன். மதாம் கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சித்திக்குப் பேப்பர் கிடைத்தது. இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை, நல்லவர் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஒரு தரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மெத்ரோக் குரல் செய்யுங்கோ சித்தி என்று கெஞ்சினேன். "எனக்கு மறந்துபோச்சு," என்றார். எப்படி மறக்கும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் கைராசிக்காரி என்ற பேர் நிலைத்துவிட்டது. ஒபர்வில்லியேயிலிருந்து லா ஷப்பல் வரைக்கும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பாலிகைக்கு விதை ஊறவைக்கச் சித்தியைத்தான் கூப்பிட்டார்கள்.

போன வருடம் என் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்தார். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மதாம் மாதிரியே பிள்ளைகளுக்கு யோகட் கோப்பை கொடுத்து விதை நடப்பண்ணுகிறவள். சித்தி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார். அடுப்பில் கேத்தல் கொதித்தது. சட்டியில் தானியம்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. உனக்கு விருப்பம்தானே?"

"என்ன சித்தி கேள்வி! நானே தேடின மாப்பிள்ளை."

"அப்ப எந்தத் தண்ணி விட? பச்சைத்தண்ணியோ, சுடுதண்ணியோ?"

எனக்குள் இருந்த ரீச்சர் உடனே எழும்பிவிட்டாள். "பச்சைத்தண்ணிதான் சித்தி. கொதிதண்ணி விட்டால் எல்லாம் அவிஞ்சுபோம். சின்ன விதையள் முதல்லை சாகும், சூடு உள்ளுக்கை கெதியாப் போயிடும். மொச்சை மாதிரிப் பெரிசு, தோல் தடிச்சது, ரெண்டு மூண்டு தப்பினால் த..."

அடக் கடவுளே! கறுத்த மண்ணில் தலை தூக்கிய இரண்டு மொச்சைகள். வியர்த்துச் சொட்டிய தட்டு. அப்பாவின் கையில் ஒட்டிய கூழ். சூம்பல் விதை முளைக்காது என்று எந்த மதாம் சொன்னார்? என் யன்னலில் முதலில் எழும்பியதே சூம்பல்கள்தானே! நான் அடிமட்டத்தால் அளந்து எழுதிய என் சொந்தக் கொப்பியே எனக்குச் சொல்லியிருக்கிறது. பதினாறு வருடம் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அவர் தனக்கென்று திறந்த ஒரே கதவைப் பதினெட்டுக் கோப்பையால் அடைத்தவள் நான்.

"சித்தி..."

"ஓம்," என்றார் சித்தி. கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கினார். "எல்லாப் பிள்ளையளையும் கேட்டுத்தான் ஊறவைக்கிறனான். இவ்வளவு காலத்திலை ஒருத்திதான் சுடுதண்ணி எண்டவள்."

அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது எனக்கு நினைவிருந்தது. கைராசிக்காரி போட்டதே முளைக்கவில்லை என்றால் அது கடவுள் சித்தம்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"உங்களை அண்டைக்கு ஆரும் கேக்கேல்லையே சித்தி," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தி குழாயைத் திறந்து சட்டியில் பச்சைத்தண்ணீரைப் பிடித்தார்.

"நீ கேட்டனீயே. ஏன் சுடுது எண்டு நீ ஒராள்தான் கேட்டனீ."

கேட்டேன்தான். கேட்டுவிட்டு, சூடு ஆறிவிடக் கூடாதே என்று சட்டியைச் சுற்றித் துவாயைக் கட்டிவிட்டு, என் செடிகளை அளக்கப் போய்விட்டேன்.